பந்தைத் தொடாத மாமா

காலை ஐந்து நாற்பதுக்கு நான் சமையலறைக்குள் வந்தபோது முதலில் கண்டது மாமாவின் ஹெல்மெட்டை. மேசையில் மல்லாந்து கிடந்த அதற்குள் மூன்று தேங்காய்கள் இருந்தன. பக்கத்துக் கதிரையில் அவருடைய தோள்கவசம். அதன்மேல் மடித்த வேட்டி, வேட்டிக்கு மேல் கற்பூரப் பெட்டி. அர்ச்சனைச் சாமான்களையும் விளையாட்டுச் சாமான்களையும் ஒரே பையில் அடுக்க அம்மா முயன்றுகொண்டிருந்தார். வீட்டில் பெரிய பை ஒன்றுதான் இருந்தது.

அன்று ஹாம் நகரத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர். ஜெர்மனியில் இருக்கிற எங்கள் சனத்தில் பாதி அங்கேதான் நிற்கும் என்று அப்பா ஒவ்வொரு வருடமும் சொல்வார். அதே நாள் பின்னேரம் மூன்று மணிக்கு, கோயிலிலிருந்து அதிக தூரமில்லாத ஹாம் நகர மைதானம் ஒன்றில் மாமாவின் அணிக்கு ஆட்டம் இருந்தது. வென்றால் மேல்பிரிவுக்குப் போகலாம். தோற்றால் இன்னுமொரு வருடம் அதே புல்வெளி, அதே பார்வையாளர்கள். பெரும்பாலும் வீரர்களின் தாய்மார்.

மாமா அம்மாவின் தம்பி. ஆடியது உதைபந்தாட்டம் அல்ல, அமெரிக்கர்கள் ஆடுகிற புட்போல். எங்கள் சிறிய ஊரில் அதற்கொரு கழகம் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது. மாமாவை அங்கே சேர்த்தவர் அதன் பயிற்சியாளர். தொழில் கூரை போடுவது. அகதிகள் விடுதியின் ஒழுகிய கூரையைத் திருத்த ஏறியவர், கீழே கார் நிறுத்துமிடத்தின் வெள்ளைக் கோடுகளை வைத்து எங்கள் பெடியன்கள் கிளித்தட்டு விளையாடுவதைக் கண்டார். கோட்டில் நின்று மறித்துக்கொண்டிருந்த ஒரு தடித்த இளைஞனை ஒருவராலும் தாண்ட முடியவில்லை. பயிற்சியாளர் ஓடு மாற்றுவதை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். விடுதியின் அந்த மூலை அடுத்த மழைக்கும் ஒழுகியது.

அந்தக் காலையில் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாமா பத்து நாள் விரதத்தில் இருந்தார்.

“அந்தப் பந்து என்னத்தில செய்யிறது?” என்று கேட்டார்.

“தோல்தான்.”

“என்ன தோல்?”

“மாட்டுத்தோலா இருக்கும் அக்கா.”

“விரதத்தோட அதைப் பிடிச்சுக்கொண்டு ஓடப்போறியோ?”

“நான் பந்தைத் தொடுறேல்லை.”

“இண்டைக்கு மட்டுமோ?”

“ஒருநாளும் தொடுறேல்லை.”

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மச்சான் பெரிய புட்போல் வீரன் என்று தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஒலிவாங்கியிலேயே சொன்னவர் அவர்.

“ரெண்டு வருசமா விளையாடுறாய். பந்தைத் தொடாமலோ?”

“என்ர வேலை மறிக்கிறது, அத்தான்.”

“ஆரை?”

“வாறவனை.”

“இதுக்கோ நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்?”

மாமா பொறுமையாக விளக்கினார். முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பந்தை எறிகிறவன் நிற்பான். எதிரணி அவனைப் பிடித்து விழுத்த வரும். அந்த ஐந்து பேரும் வருகிறவனை மறிக்கவேண்டும். எறிந்த பந்தைப் பிடிக்க அவர்களுக்குச் சட்டத்திலேயே இடமில்லை. ஐவரில் மாமா நடுவிலிருந்து இடப்பக்கம் முதலாவது. அப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, ஒருவேளை நிறத்தைப் பார்த்துத்தான் பந்து கொடுக்காமல் விடுகிறார்களோ என்று கேட்டார். மற்ற நாலு பேரும் வெள்ளைக்காரர் என்று மாமா சொன்னார். அப்பாவுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. அம்மாவுக்கு இருந்தது. மாட்டுத்தோல் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

இனி அனுமதித் துண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வதிவிட உரிமை இருந்தது. மாமாவின் அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. அப்படிப்பட்டவர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது என்பது அன்றைய சட்டம். அதனால் மாமா எங்கள் ஊரில் நடக்கிற ஆட்டங்களை மட்டும் ஆடினார். அணி வெளியூர் போகிற ஞாயிறுகளில் பேருந்தில் சாமான்களை ஏற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவார். பயிற்சியாளர் ஒருமுறை அவரோடு அலுவலகத்துக்குப் போய் வெளியூர் ஆட்டத்துக்கு அனுமதி கேட்டார். வைத்தியர், வழக்கறிஞர், வழிபாடு இவற்றுக்குத்தான் கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தை மாதம் மாமா துண்டு இல்லாமல் டோர்ட்முண்ட் புகையிரத நிலையத்தில் பிடிபட்டிருந்தார். போன காரியம் கருவாடு வாங்க. முதல் தடவை என்பதால் தண்டப்பணத்தோடு போயிற்று. இன்னொரு முறை பிடிபட்டால் அது குற்ற வழக்கு, விண்ணப்பமும் அதோடு போகலாம் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார்.

அந்த நிலையில்தான் ஆட்டமும் தேரும் ஒரே நகரத்தில் ஒரே நாளில் வந்தன. தேருக்கு அனுமதி கிடைத்தது. ஹாம், ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு வரை. காரணம்: சமய வழிபாடு. பயிற்சியாளர் அதைக் கேட்டதும் மாமாவைக் கட்டிப்பிடித்து, உங்கள் தெய்வத்துக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். அம்மா அதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டார்.

மாமாவின் விசாரணை நன்றாக நடந்தால் அவர் தேருக்குப் பின்னால் அங்கப்பிரதட்சணம் செய்வார் என்று அம்மா முந்திய வருடமே நேர்த்தி வைத்திருந்தார். நேர்த்தி வைத்தவர் அம்மா. வீதியில் உருளவேண்டியவர் மாமா. தேர் வீதியைச் சுற்றி இருப்பிடத்துக்கு வந்துசேரும்வரை உருளவேண்டும். அதற்குப் பிறகுதான் விளையாட்டு.

இதைப் பிடிவாதம் என்று அப்பா சொன்னார். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. முதல் விசாரணையில் மாமா ஒரு மாதத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். அந்த ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன எல்லாமே நம்பத்தகாதவை என்று எழுதிவிட்டார்கள். மறுவிசாரணை வரை ஒன்றரை வருடம் போயிற்று; அம்மா நேர்த்தி வைத்தது அதற்குத்தான், அது நன்றாக நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எவரும் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்வதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் ஐந்து நிமிடம் பிந்தினால் அம்மா ஐந்து நிமிடம் என்றுதான் எழுதிக் கொடுப்பார். துண்டில் வழிபாடு என்றிருந்தால் அது வழிபாடாக இருக்கவேண்டும்.

முதல்நாள் இரவு மழை பெய்திருந்தது. ஊன்ட்றொப்பில் அந்தக் கோயில் இருப்பது ஒரு தொழிற்பேட்டைக்குள். மற்ற நாட்களில் லொறிகள் நிற்கிற அகன்ற தார்வீதியில்தான் தேர் ஓடும். பள்ளங்களில் தண்ணீர் நின்றது. தேர் வெளிக்கிட்டபோது நல்ல வெயில் ஏறிவிட்டது. வடத்தின் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். தேருக்குப் பின்னால் ஈர வேட்டியோடு உருளுகிறவர்கள். மாமா தலைக்குமேல் கைகளை நீட்டித் தேங்காய் ஒன்றைப் பிடித்தபடி படுத்தார். அவரை நேராக உருட்டிவிட இரண்டு பேர் போதவில்லை. மூன்றாவது ஆளாக அப்பா போனார். கழுத்தில் கமரா தொங்கியது. திகதியும் நேரமும் விழுகிற கமரா. வழிபாடு நடந்தது என்று நாளைக்கு யாரும் கேட்டால் காட்டுவதற்காக அம்மா ஏற்பாடு செய்தது. யாரும் கேட்கவில்லை. ஆனால் படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மாமாவின் முதுகு.

தேர் தன் போக்கில் போயிற்று. ஒவ்வொரு முடக்கிலும் நின்றது. ஒவ்வொரு குடும்பத்தின் அர்ச்சனைத் தட்டும் மேலே போய், பெயர் நட்சத்திரம் சொல்லப்பட்டு, கீழே வந்தது. ஐயருக்கு அவசரம் இருக்கவில்லை. தேர் நிற்கிறபோது உருளுகிறவர்களும் நிற்கவேண்டும்; அதாவது கிடக்கவேண்டும். மாமா கொதிக்கிற தாரில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தார். பெண்கள் குடத்தால் தண்ணீர் ஊற்றினார்கள்.

வீதித் தடைக்கு அப்பால் பயிற்சியாளரின் மனைவி வானோடு காத்திருந்தார். உயரமான பெண். யாரோ அவருடைய நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்துவிட்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு அவர் சனத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்து, இது எப்போது முடியும் என்று கேட்டார். தேருக்கு டெர்மின், அதாவது குறித்த நேரம், கிடையாது என்று அப்பா ஜெர்மன் மொழியில் சொன்னார். அந்தப் பெண் கீழே பார்த்தார். மாமா படுத்தபடியே அவருக்கு வணக்கம் சொன்னார்.

இன்னும் இரண்டு முடக்குகள் இருந்தன. அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்தார்.

“போதும், விடும். பெடியன் எழும்பட்டும். மிச்சத்தை வாற வருசம் உருளலாம்.”

“துண்டில என்ன எழுதிக் கிடக்கு?” என்று அம்மா கேட்டார். “வழிபாடு. பாதி வழிபாடு எண்டு எழுதேல்லை.”

“அங்கை அவனுக்காகப் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

“இஞ்சை அம்மாளும் பாத்துக்கொண்டுதான் நிக்கிறா.”

அப்போது தரையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. “அத்தான், அக்காவோட சண்டை பிடியாதேங்கோ. நான் எழும்பமாட்டன். நீங்கள் நேரா உருட்டுங்கோ, கரையில கல்லுக் குத்துது.”

தேர் இருப்பிடத்துக்கு வந்தபோது மூன்றே முக்கால். மாமா எழுந்து நின்றார். வலப்பக்கம் சாய்ந்தார், சமாளித்துக்கொண்டார், கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். தோளிலும் முதுகிலும் தார் உரசிய சிவப்பு. அம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசினார். “முடிஞ்சுது. இனிப் போவம்” என்றார். துண்டு தன்னுடைய கைப்பையில்தான் இருக்கும் என்பதால் அம்மாவும் வந்தார். அப்பா அன்னதான வரிசையில் உதவிக்கு நிற்க, நான் ஹெல்மெட்டோடு வானுக்குள் ஏறினேன்.

தடையில் நின்ற பொலிஸ்காரர் வானை மறித்தார். முன் இருக்கையில் சட்டையில்லாமல், ஈரமாக, திருநீறும் சேறுமாக ஒரு மனிதர் இருந்தால் யாரும் மறிப்பார்கள். பத்திரம் கேட்டார். அம்மா கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவர் அதை வாசித்தார். வழிபாடு முடிந்துவிட்டதா என்று கேட்டார். முழுவதும் முடிந்துவிட்டது என்று அம்மா ஜெர்மனில் சொன்னார். “முழுவதும்” என்பதை இரண்டு தரம் சொன்னார். பிறகு பொலிஸ்காரர் என் மடியிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். பயிற்சியாளரின் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா முந்திவிட்டார்.

“இப்ப விளையாடப் போறம்” என்று தன்னுடைய உடைந்த ஜெர்மனில் சொன்னார். “ஹாமில்தான்.”

பொலிஸ்காரர் துண்டை இன்னொருமுறை மேலிருந்து கீழே வாசித்தார். அம்மாவின் கை என் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. பொலிஸ்காரர் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். தடையை நகர்த்தினார்.

நாங்கள் போனபோது முதற்பாதி முடிந்துவிட்டது. பதின்மூன்றுக்குச் சைபர், பின்னால் நின்றது எங்கள் அணி. மாமாவுக்குப் பதிலாக இறங்கியவன் ஒரு மெல்லிய மாணவன். கண்ணாடி போட்டிருந்தான். மாமாவைக் கண்டதும் அவன்தான் முதலில் ஓடிவந்து தோள்கவசத்தைக் கட்டிவிட்டான். பயிற்சியாளர் கோபிக்கவில்லை. இரண்டு வாழைப்பழங்களை உரித்துக் கொடுத்தார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்த பிறகுதான் சாப்பிட்டார்.

மாமாவுக்கு எதிரே நின்றவன் சிவப்புத் தாடிக்காரன்.

“பனை மாதிரி நிக்கிறான்” என்றார் அம்மா.

ஒவ்வொரு தடவையும் ஒரே காரியம்தான் நடந்தது. மாமா குனிவார். ஒரு கையைப் புல்லில் ஊன்றுவார். பந்து அசையும். தாடிக்காரன் பாய்வான். மாமா எழுந்து அவனுடைய நெஞ்சில் இரண்டு கைகளையும் வைப்பார். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் பந்து வேறெங்கோ போய்விடும், சனம் அந்தப் பக்கம் பார்த்துக் கத்தும். மாமா திரும்பிவந்து மறுபடியும் குனிவார். நான் பந்தைப் பார்ப்பதா மாமாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் மாறிமாறிப் பார்த்தேன். மாமாவைப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. பந்தைப் பார்த்தால் அங்கே மாமா இல்லை.

அம்மா முதல் சில நிமிடங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு திடீரென்று எழுந்து நின்றார்.

“டேய், இது கிளித்தட்டல்லோ!” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. “அவன் கோட்டில நிக்கிறான்.”

அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. பட்டுச்சேலையும் தலையில் மல்லிகைச் சரமுமாக வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மறி! மறியடா தம்பி! இடப்பக்கம் விடாதை!” என்று கத்தினார். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர்கள் முதலில் விலகினார்கள். பின்னர் ஒரு கிழவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். கடைசிக் கால்பகுதியில் ஏழெட்டுப் பேர் “மறி, மறி” என்று கத்திக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் அணி ஒருமுறை பந்தை எல்லைக்குள் கொண்டுபோனது; அதற்கு ஆறு புள்ளி, பிறகு கம்பங்களுக்கிடையால் உதைத்ததற்கு ஒன்று. பதின்மூன்றுக்கு ஏழு. அப்போது அப்பா கையில் அன்னதானப் பொதிகளோடு வந்துசேர்ந்தார்.

“பந்து குடுத்தவங்களோ?”

“பேசாமல் நில்லுங்கோ” என்றார் அம்மா.

கடைசி நிமிடங்களில் எல்லைக்கோடு மாமாவுக்கு முன்னால் நாலைந்து எட்டில் இருந்தது. எல்லோரும் குனிந்தார்கள். மாமா ஒரு கையைப் புல்லில் ஊன்றினார். பந்து அசைந்தது. மாமா எழுந்தார். இந்தமுறை நிற்கவில்லை, தள்ளிக்கொண்டு போனார். தாடிக்காரன் பின்னால் ஓரடி, இன்னுமோரடி, பிறகு மல்லாந்து போனான்; மாமா அவன்மேல் விழுந்தார். அந்த இடைவெளிக்குள்ளால் கட்டையான ஒருவன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினான். விசில் ஊதியது. அதைத் தொடர்ந்த உதையும் கம்பங்களுக்கிடையால் போயிற்று. பதினாலுக்குப் பதின்மூன்று.

அடுத்த நாள் பத்திரிகையில் வந்த செய்தியை, நானும் பத்திரிகைத் தொழிலுக்குள் வந்த பிறகு தேடி எடுத்து வாசித்தேன். பந்தை எறிந்தவன், ஓடியவன், உதைத்தவன் ஆகிய மூவரின் பெயர்கள் இருக்கின்றன. மாமாவின் பெயர் இல்லை. எழுதியவரைக் குறைசொல்ல இடமில்லை. இருபது வரி கிடைத்தால் நானும் அந்த மூன்று பேரைத்தான் எழுதுவேன்.

மேல்பிரிவில் மாமா ஒரு பருவம் ஆடினார். அங்கேயும் உள்ளூர் ஆட்டங்கள் மட்டும். இரண்டாம் பருவத்தில் முழங்கால் விட்டுவிட்டது. வதிவிட உரிமை அதற்குப் பிறகு வந்தது. இப்போது பேருந்து ஓட்டுகிறார். தடம் மூன்று மாவட்டங்களுக்குள்ளால் போகிறது.

ஆனால் அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லோரும் மைதானத்துக்குள் ஓடி, பந்தை எறிகிறவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். மாமா புல்லில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குப் பக்கத்தில் புல்லிலேயே குந்தி, பொதியை அவிழ்த்து, புளிச்சோற்றை உருட்டி வாயில் வைத்துவிட்டார். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

காரில் வரும்போது நான் அப்பாவிடம் முறையிட்டேன். தூக்கிக்கொண்டு திரிந்தார்களே, அவன் ஒரு வேலையும் செய்யவில்லை, சும்மா நின்றான், மாமாதான் சேறாகிப்போனார் என்றேன். அப்பா, எனக்கும் அப்படித்தான் பட்டது என்றார். பின் இருக்கையில் அம்மாவின் தோளில் சாய்ந்து மாமா நித்திரையாகிவிட்டார். என்னிடம் ஆதாரம் இருக்கிறது என்று சொல்லி, நான் என் கண்ணால் கண்டதை அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். முதற்பாதியில் எதிரணி விழுத்தி விழுத்திப் பந்தை எறிகிறவனுடைய காற்சட்டை கிழிந்துபோனதால், இடைவேளையில் கண்ணாடிக்கார மாணவன் மாற்றுக்கு வைத்திருந்த தோய்த்த வெள்ளைக் காற்சட்டையை வாங்கி மாற்றியிருந்தான். ஆட்டம் முடிந்து அவனைத் தூக்கியபோது அந்தக் காற்சட்டையில் ஒரு புல்கூட ஒட்டியிருக்கவில்லை.